மடிக்கணினியில் டிவிடி பர்னர் மாற்றுவது: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

செம்பனைச்சாலை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருவிழாவின் காணொளிப் பதிவுகள் என் பொறுப்பில் உள்ளன. தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு என்று ஆளுக்கொரு திசையில் குடியேறிவிட்டன. திருவிழாவுக்கு மட்டும் வந்து போகும் பெரியவர்கள், கரகம் எடுத்ததையும் தீ மிதித்ததையும் வீட்டில் போட்டுப் பார்க்கும்படி வட்டாகத் தரச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் இன்றும் பழைய டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. அதில் பென்டிரைவ் செருக இடம் கிடையாது. திறன்பேசியில் அனுப்பி வைத்தால் பார்க்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 நிறுவப்பட்ட பழைய மடிக்கணினி. அதில் உள்ள கருவி டிவிடியைப் படிக்கும், ஆனால் சிடியில் மட்டுமே எழுதும். கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் எச்எல்-டிடி-எஸ்டி ஆர்டபிள்யூ/டிவிடி ஜிசிசி-4244என் என்று காட்டுகிறது. ஈப்போவில் ஒரு கடைக்காரர், ஜிடி80என் என்ற, உள்ளே பொருத்தி வட்டில் எழுதும் டிவிடி பர்னர் இருப்பதாகவும், எல்லா மடிக்கணினிக்கும் அது பொருந்தும் என்றும் சொல்லி 60 வெள்ளி கேட்கிறார். பொருத்தித் தருவதானால் மடிக்கணினியைச் சில நாள் விட்டுச் செல்ல வேண்டுமாம். உள்ளே பிற குடும்பங்களின் படங்களும் இருப்பதால் அதை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. நானே மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். அந்தப் பர்னர் என் கணினியில் பொருந்துமா? கருவியை இயக்கத் தனியாக டிரைவர் மென்பொருள் ஏதும் தேவைப்படுமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருப்புளி, ஈப்போ:

ஐயா, வணக்கம். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஜிடி80என் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் கணினியில் அது பொருந்தாது.

காரணம் இதுதான். உங்கள் ஜிசிசி-4244என் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகையைச் சேர்ந்தது. ஜிடி80என் சாட்டா என்ற பிந்தைய இணைப்பு வகையைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, ஒரே அளவு, மேலே மூடியிருக்கும் தகடுகூட ஒன்றுபோலவே இருக்கும். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஐடிஇ கருவியின் பின்னால் 50 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான் இடைவெளி இல்லாமல் நீளமாக இருக்கும். சாட்டா கருவியில், தரவுக்கு 7 முனை, மின்சாரத்துக்கு 6 முனை என்று இரண்டு தட்டையான நாக்குகள் நடுவே சிறிய இடைவெளியோடு இருக்கும். வன்தட்டிலும் சாட்டா உண்டே என்று நினைக்க வேண்டாம். அதன் மின்சாரப் பகுதிக்கு 15 முனைகள், எனவே அதுவும் இதற்குச் சேராது. இடையில் மாற்றி ஏதும் வைத்துச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். மடிக்கணினியின் உள்ளே கருவி நுழையும் குழிக்கும் இணைப்பானுக்கும் நடுவே அதற்கு இடமே இல்லை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஐடிஇ வகைப் பர்னர். பெயரில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மாறினால் வகையே மாறிவிடும் என்பதால், கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தோஷிபா சாம்சுங் தயாரித்த டிஎஸ்-எல்632 ஐடிஇ. அதற்கு அடுத்த எண்ணான டிஎஸ்-எல்633 சாட்டா. ஆப்டியார்க் ஏடி-7560ஏ ஐடிஇ, ஏடி-7560எஸ் சாட்டா. என் மேசைக்கு வரும் "பொருந்தவில்லை" புகார்களில் பெரும்பாலானவை இந்த ஓர் எழுத்தில் ஏற்பட்ட குழப்பம்தான்.

அடுத்தது தடிப்பு. மடிக்கணினிப் பர்னர்கள் பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் தடிப்பில் வரும். உங்களுடையது 12.7 ஆக இருக்க வேண்டும். இருந்தாலும் கழற்றி அளந்து பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலே போதும்.

கழற்றுவது கடினமான வேலை அல்ல. மின்கம்பியைப் பிடுங்குங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், கணினியைக் கவிழ்த்து மென்மையான துணியின் மேல் வையுங்கள். அடிப்புறத்தில் வட்டு போன்ற சிறு குறி பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் கருவியைப் பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். சில கணினிகளில் அந்தத் திருகு விசைப்பலகைக்கு அடியில் இருக்கும். இழுத்தும் அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். இன்னொரு திருகு எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வெளியே எடுத்ததும் இரண்டு பொருள்களைக் கவனியுங்கள். பின்பக்க மூலையில், இரண்டு மிகச் சிறிய திருகுகளால் ஓர் உலோகப் பட்டை பிடிக்கப்பட்டிருக்கும். கணினியோடு கருவியை இணைத்துப் பிடிப்பது அதுதான். புதிய கருவியோடு அது வராது, பழையதிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். இரண்டாவது, முன்புறத்தில் தெரியும் பிளாஸ்டிக் முகப்பு. உங்கள் கணினியின் பக்கச் சுவர் வளைவாக இருந்தால் முகப்பும் அதே வளைவில்தான் இருக்கும், ஆகையால் அதையும் மாற்ற வேண்டும். அதற்கு முதலில் தட்டு வெளியே வர வேண்டும். முகப்பில் இருக்கும் ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு மெல்ல அழுத்தினால் மின்சாரம் இல்லாமலே தட்டு திறக்கும். முகப்பின் ஓரங்களில் உள்ள சின்னப் பிடிகளை நகத்தால் தள்ளினால் அது கழன்றுவிடும். திருப்புளியால் நெம்பினால் பிடி உடைந்து, முகப்பு நாளும் பொழுதும் கழன்று விழும்.

டிரைவர் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் தானாகவே கண்டுகொள்ளும்.

இன்னொன்று. இந்தக் காலத்தில் ஐடிஇ பர்னர் என்றால் அநேகமாகப் பழைய கணினியிலிருந்து எடுத்ததாகத்தான் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே ஒரு வட்டை முழுக்க நிரப்பி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியோரம் நோக்கி எழுதப்படுவதால், லேசர் தளர்ந்த கருவிகூடச் சிறிய கோப்பு ஒன்றைக் குறையில்லாமல் எழுதிவிடும். வெளியோரத்தை நெருங்கும்போதுதான் பிழை காட்டும். தட்டைத் திறந்து நடுக்குமிழையும் பாருங்கள். வட்டைக் கவ்விப் பிடிக்க அதில் மூன்று சிறு பிடிகள் சுருள்வில்லில் அசைந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று உள்ளேயே சிக்கியிருந்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.

ஆற்றங்கரை, தெலுக் இந்தான்:

திருப்புளி சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐயா அவர்கள் உள்ளே பொருத்துவதைத்தான் செய்ய வேண்டுமா என்பதை இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐடிஇ பர்னரை வாங்கினால் அது இந்த ஒரு கணினிக்கு மட்டுமே உதவும்; இந்தக் கணினி நின்றுபோனால் அதுவும் அலமாரியில் தூங்கும். யுஎஸ்பி மூலம் வெளியே இணைக்கும் பர்னரை வாங்கினால், நாளை புதிய கணினி வாங்கும்போதும் பயன்படும். இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு வட்டுக் கருவியே கிடையாது என்பதால் அந்தத் தேவை கட்டாயம் வரும். திருவிழாப் பதிவுகளை ஆண்டுதோறும் வட்டாக்கப் போகிறவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டிவிடியின் 8 மடங்கு வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட், யுஎஸ்பி 2.0 அதைத் தாராளமாகத் தாங்கும். கவனிக்க வேண்டியது மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது வரையறை. வட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்திலும் எழுதும் நேரத்திலும் பர்னர் அதைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். பழைய கணினிகளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கருவி துண்டித்துக்கொண்டு வட்டு வீணாவதற்கு இது முக்கியக் காரணம். இரண்டு துளைகளில் ஒரே நேரத்தில் செருகும் இரட்டைத் தலைக் கம்பி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் கணினியில் எத்தனை துளைகள் வேலை செய்கின்றன என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செம்பனைச்சாலை, சுங்கை சிப்புட்:

இருவருக்கும் மிக்க நன்றி. திருப்புளி அண்ணன் சொன்னபடியே கருவியைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஒரு திருகுதான் இருந்தது. பின்னால் இருப்பது இடைவெளியில்லாத ஒரே நீள இணைப்பான், தடிப்பு 12.7 மில்லிமீட்டருக்குச் சரியாக வருகிறது. கடைக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்து ஜிடி80என் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே இணைக்கும் பர்னர் குறித்து ஆற்றங்கரை ஐயா கூறியது நியாயமானதுதான். ஆனால் என் கணினியில் யுஎஸ்பி துளை ஒன்று மட்டுமே வேலை செய்கிறது. பதிவுகள் அனைத்தும் வெளி வன்தட்டில் இருப்பதால் அந்தத் துளை அதற்கே தேவைப்படுகிறது. கணினியின் உள் வன்தட்டில் இடமும் குறைவு. ஆகவே இப்போதைக்கு உள்ளேயே பொருத்திக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஓர் ஐயம். எங்கள் வட்டாரத்தில் பழைய கணினிகளை வாங்கி விற்கும் ஒருவர், தம்மிடம் டிஎஸ்-எல்632 இருப்பதாகச் சொல்லி, "உங்களுக்கு வேண்டியது மாஸ்டரா, ஸ்லேவா" என்று கேட்கிறார். அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? வட்டில் எழுதும் முறையைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். சிடியில் பாட்டு எழுதியிருக்கிறேனே தவிர, தொலைக்காட்சிக்கான டிவிடியை நான் எழுதியதில்லை.

திருப்புளி, ஈப்போ:

அவர் கேட்டது சரியான கேள்வி. விவரம் தெரிந்தவரிடம்தான் வாங்கப் போகிறீர்கள். ஐடிஇ கம்பி ஒன்றில் இரண்டு கருவிகள் இருக்கலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். மடிக்கணினிப் பர்னர்களில் இதை மாற்றப் பொத்தான் எதுவும் கிடையாது. தொழிற்சாலையில் எப்படி அமைத்தார்களோ அப்படியே வரும். சில கருவிகள் கணினி சொல்வதை ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. தவறான அமைப்புள்ளதைப் போட்டால், கணினியின் தொடக்க அமைப்பைக் காட்டும் பயாஸ் திரையில் அது தெரியாது. வன்தட்டும் அதே கம்பியில் இருந்தால் கணினி தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பழைய கருவியை மீண்டும் பொருத்திக் கணினியை இயக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர்மேல் இருமுறை சொடுக்கினால், இருக்கும் இடத்தைக் காட்டும் வரி ஒன்று வரும். அதில் 0 என்றிருந்தால் மாஸ்டர், 1 என்றிருந்தால் ஸ்லேவ். விற்பவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். இதைவிட எளிய வழி, உங்கள் கணினியின் அதே மாடலிலிருந்து கழற்றிய பர்னர் கிடைக்குமா என்று கேட்பது. அது கிடைத்தால் முகப்பும் பட்டையும்கூட மாற்ற வேண்டியிருக்காது.

பொருத்திய பிறகு ஒரு சோதனையை மறக்க வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலின் பண்புகளைத் திறந்து, கருவி அல்ட்ரா டிஎம்ஏ என்ற வேகமான முறையில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிழைகள் தொடர்ந்து வந்தால் விண்டோஸ் அதைப் பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும். அந்த நிலையில் டிவிடி எழுதினால் தரவு போய்ச் சேரும் வேகம் போதாமல் கணினியே திணறும். அந்தச் சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்துச் சரியான முறைக்கு வந்துவிடும்.

வட்டுப்பெட்டி, கிள்ளான்:

வணக்கம் ஐயா. திருமணம், காதணி விழா, ஆலயத் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்து வட்டாகக் கொடுப்பது என் தொழில் என்பதால், எழுதும் பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில், கோப்பை அப்படியே வட்டுக்கு இழுத்து விட்டால் அது பெரியவர்கள் வீட்டுப் பழைய பிளேயரில் ஓடாது. வெற்று வட்டைப் போட்டதும், யுஎஸ்பி பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி பிளேயருக்காகவா என்று விண்டோஸ் 7 கேட்கும். பென்டிரைவ் போல என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வட்டு கணினிக்கு மட்டுமே ஆகும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுமட்டும் போதாது; காணொளியை டிவிடி வீடியோ என்ற அமைப்புக்கு மாற்ற வேண்டும். நம் நாட்டுப் பிளேயர்களுக்குப் பால் (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறை என்பதால் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படச் சட்டங்கள், எம்பெக்-2 என்ற காணொளி வடிவம். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியமும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் விண்டோஸ் டிவிடி மேக்கர் என்ற மென்பொருளோடு வருகின்றன. அதுவே இந்த வேலையை முடித்து, பிளேயர் படிக்கும்படி வட்டின் பதிவை மூடியும் தந்துவிடும். உங்கள் பதிப்பில் அது இல்லை என்றால் டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். பழைய கணினி என்பதால் மாற்றுவதற்கே பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எழுதுங்கள். மாற்றும் வேலையும் எழுதும் வேலையும் ஒரே நேரத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் இடி இடிக்கும் மாலைகளில் எழுதுவதையும் நான் தவிர்ப்பேன். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில், மின்சாரம் ஒரு கணம் துடித்தாலும் வட்டு போய்விடும்.

ஒரு வட்டில் எவ்வளவு கொள்ளும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்கும். விண்டோஸ் கணக்கில் அது 4.38 மட்டுமே. ஒரு மணி நேரப் பதிவை நல்ல தரத்தில் வைக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து வினாடிக்கு 5 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். மேடையில் நடக்கும் பேச்சுக்கு அது போதும். தீமிதியில் நெருப்பும் புகையும் கூட்டமும் ஒருசேர அசையும் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் தீமிதியை மட்டும் தனி வட்டில் வைத்து, மற்றவற்றை இன்னொரு வட்டில் சேர்க்கும்படி சொல்வேன். 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்கு வட்டும் உண்டு, ஆனால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை அடுக்கு டிவிடி-ஆர் வட்டையே வாங்குங்கள். அழித்து மீண்டும் எழுதும் ஆர்டபிள்யூ வட்டும் வேண்டாம். அதன் பரப்பு ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்களுக்குப் படிப்பது கடினம்.

8 மடங்கு வேகத்தில் எழுத முடிந்தாலும் 4 மடங்கில் எழுதுங்கள். முழு வட்டுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் செய்து, ஒரு வட்டையாவது உண்மையான பழைய பிளேயரில் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். நடுவட்டத்திலேயே பெயரும் ஆண்டும் எழுத வட்டுக்குரிய மென்முனைப் பேனாவைப் பயன்படுத்துங்கள். ஆலயப் படம் அச்சிட்ட ஒட்டுத்தாள் அழகாகத்தான் இருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது ஓரத்தில் பிரிந்து, சுழலும்போது வட்டு ஆட்டம் காணும்.

பழைய பர்னர் வாங்குவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளில், எந்த நாடுகளில் ஓடலாம் என்பதைக் குறிக்கும் வட்டாரக் குறியீடு உண்டு. மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. பர்னரில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அந்தக் கணக்கு கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அழியாது. முந்தைய உரிமையாளர் அனைத்தையும் பயன்படுத்தித் தீர்த்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் பர்னரின் பண்புகளைத் திறந்தால், டிவிடி வட்டாரம் என்ற பக்கத்தில் மீதம் எத்தனை என்று காட்டும். விற்பவர் முன்னாலேயே அதைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதப்போகும் திருவிழா வட்டுகளுக்கு வட்டாரம் எதையும் குறிக்காமல் விட்டால், பால் முறையை ஏற்கும் எந்த நாட்டுப் பிளேயரிலும் ஓடும். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தாலும் அதே வட்டு போதும்.